மூணு பாராசிட்டமால் பாட்டில், ஒரு காய்ச்சல்: எதில் எவ்வளவு கொடுக்கணும், எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

கவின்_அம்மா (கேள்வி)

பையனுக்கு 14 மாசம், எடை 9.6 கிலோ. நேற்று சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். மூக்கு ஒழுகுது, லேசா இருமல் இருக்கு. தாய்ப்பால் நல்லா குடிக்கிறான், சோறுதான் வேண்டாங்கிறான். காய்ச்சல் இறங்கின நேரத்தில் எழுந்து விளையாடுறான். தடுப்பூசி எல்லாம் அட்டைப்படி போட்டாச்சு.

வீட்டில் மூணு பாராசிட்டமால் பாட்டில் இருக்கு. சின்னது சொட்டு மருந்து, 1 மி.லி.யில் 100 மி.கி.ன்னு போட்டிருக்கு. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இன்னொண்ணு மூத்தவளுக்கு வாங்கினது, 5 மி.லி.க்கு 250 மி.கி. பழைய சீட்டில் "5 மி.லி., 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை"ன்னு மட்டும்தான் இருக்கு, எந்தப் பாட்டில்னு இல்லை. எதில் எவ்வளவு கொடுக்கணும்?

அக்குளில் வெச்சா 102.4 காட்டுது. நெற்றிக்கு நேரா பிடிக்கிற கருவி 100.1 காட்டுது. எதை நம்புறது? அக்குள் அளவோட ஒரு டிகிரி கூட்டிக்கணும்னு சொல்றாங்களே, சரியா?

104 தொட்டா ஜன்னி கண்டு மூளையைப் பாதிக்கும், ராத்திரி எழுப்பியாவது மருந்து ஊத்திடுன்னு மாமியார் சொல்றாங்க. ஈரத்துணி போடலாமா, குளிப்பாட்டலாமா? என்ன அறிகுறி வந்தா விடியட்டும்னு காத்திருக்காமக் கிளம்பணும்?

---

மருந்தாளுநர்_திருச்சி

பாட்டில் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சாதாரண சளிக் காய்ச்சல் தானாகவே போய்விடும். பாட்டில் மாறினால் ஈரல் கெடலாம்.

"5 மி.லி." என்பது மருந்தின் அளவே இல்லை, தண்ணீரின் அளவு. அதற்குள் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது என்பதுதான் கணக்கு. பாராசிட்டமாலுக்கு ஒரு தடவைக்கு, ஒவ்வொரு கிலோ எடைக்கும் 10 முதல் 15 மி.கி. உங்கள் பையனின் 9.6 கிலோவுக்கு 96 முதல் 144 மி.கி. வரை போகலாம். நடுவில் 120 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 120 மி.கி. உங்கள் மூன்று பாட்டிலிலும் மூன்று விதமாக வரும்:

சொட்டு மருந்து (1 மி.லி.யில் 100 மி.கி.): 1.2 மி.லி.
120 சிரப்: 5 மி.லி.
250 சிரப்: 2.4 மி.லி.; சிரிஞ்சில் 2.5 கோடு வரை எடுத்தாலும் பாதகமில்லை.

பழைய சீட்டு 120 சிரப்பை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். அதே 5 மி.லி.யைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். அது பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை, கிலோவுக்கு 52 மி.கி. நாளைக்கு நாலு தடவை, இரண்டு மூன்று நாள் என்று அது தொடர்ந்தால் ஈரல் தாங்காது. பாட்டில் சின்னது, மேலே "சொட்டு மருந்து" என்று இருக்கிறது, அதனால் வீரியம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் அதுதான் அடர்த்தி அதிகம். கைக்குழந்தை விழுங்கும் அளவு சிறிதாக இருக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

தலைகீழ்த் தப்பும் நடக்கும். சொட்டு மருந்துக் கணக்கில் 1.2 மி.லி.யை 120 சிரப்பிலிருந்து எடுத்தால் குழந்தைக்குப் போவது 29 மி.கி. தான். காய்ச்சல் அசையாது. "இந்த மருந்து இவனுக்குக் கேட்கல" என்று அடுத்த மருந்துக்கு ஓடுவதில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இப்போதே செய்யவேண்டியது: மூன்றில் ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். 120 சிரப் போதும். பாட்டில் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி "கவின், 9.6 கிலோ, 5 மி.லி." என்று தேதியோடு எழுதுங்கள். மற்ற இரண்டையும் வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். ராத்திரி 2 மணிக்கு அரைத்தூக்கத்தில் கை எந்தப் பாட்டிலை எடுக்கும் என்று சொல்லமுடியாது. 3 மாதத்துக்கு ஒரு முறை எடை பார்த்து அளவை மாற்றுங்கள். வயதை வைத்துக் கணக்குப் போடவேண்டாம். ஒரே வயதில் 8 கிலோ குழந்தையும் இருக்கும், 12 கிலோ குழந்தையும் இருக்கும்.

இடைவெளி 6 மணி நேரம். தேவைப்பட்டால் 4 மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம், அதற்கு முன்னால் கூடாது. 24 மணி நேரத்தில் 4 தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று இரட்டிப்பாகாமல் இருக்க, கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

சமையலறைக் கரண்டி எதுவும் 5 மி.லி. கிடையாது, ஒன்று 3 பிடிக்கும், இன்னொன்று 8 பிடிக்கும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கியபிறகு எடுக்கவேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் வாரம் தண்ணியாகவும் கடைசியில் கெட்டியாகவும் போகும். சிரிஞ்ச் முனையைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். தொண்டைக்கு நேராக அடித்தால் புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றுவதை விட்டுவிடுங்கள்.

கொடுத்த 15 நிமிடத்துக்குள் மருந்து அப்படியே வாந்தியாகிவிட்டால் ஒரு தடவை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிற குழந்தைக்கு ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் குளிகை 80, 170, 250 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. கணக்கு ஒன்றுதான், வாயால் கொடுத்ததையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இன்னொன்று, மூக்கு ஒழுகுகிறதே என்று சளி சிரப் வாங்கிவிடாதீர்கள். பல சளி சிரப்புகளுக்குள்ளேயே பாராசிட்டமால் கலந்திருக்கும், தெரியாமல் இரண்டு மடங்கு போகும். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் இருந்தது. அதற்குப்பின் 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. 14 மாதக் குழந்தையின் ஒழுகும் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் 2 சொட்டு.

ஒருவேளை ஏற்கனவே பாட்டில் மாறி அதிகமாகக் கொடுத்திருந்தால், குழந்தை நன்றாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள். ஈரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, முதல் 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நன்றாக வேலை செய்யும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

---

வார்டு_சிஸ்டர்

அண்ணன் மருந்தைச் சொல்லிட்டார். நான் தெர்மாமீட்டர், ஈரத்துணி, ஜன்னி மூணையும் சொல்றேன்.

அக்குள் அளவையே நம்புங்க. நெற்றிக் கருவி தோலின் மேல்சூட்டைத்தான் படிக்கும். வேர்த்திருந்தா, ஃபேனுக்கு நேரா படுத்திருந்தா, ஈரத்துணி எடுத்த கையோட பார்த்தா குறைவா காட்டும். வெயிலில் இருந்து வந்த உடனே பார்த்தா கூடுதலா காட்டும். உங்க ரெண்டு அளவுக்கும் 2 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்ததும் இதனாலதான். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு போதும். அக்குள் வேர்வையைத் துடைச்சுட்டு, முனை அக்குள் குழியின் ஆழத்தில் தோலைத் தொடுற மாதிரி வெச்சு (சட்டைத் துணி நடுவுல வரக்கூடாது), கையை நெஞ்சோட சேர்த்து அணைச்சுப் பிடிங்க. பீப் சத்தம் வரும்வரை அசைக்காதீங்க. குளிச்ச உடனேயும், கம்பளிக்குள்ள இருந்து எடுத்த உடனேயும் பார்க்காம 15 நிமிஷம் விடுங்க.

ஒரு டிகிரி கூட்டுற வேலையே வேண்டாம். அக்குள் அளவு உடம்போட உள் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவா இருக்கும், உண்மைதான். ஆனா எவ்வளவு குறைவுன்னு குழந்தைக்குக் குழந்தை மாறும். நீங்க ஒண்ணு கூட்டி, ஓ.பி. சீட்டு எழுதுறவங்க ஒண்ணு கூட்டினா 102 ஆனது 104 ஆயிடும். "அக்குளில் 102.4, ராத்திரி 9 மணி, மருந்து கொடுத்து 5 மணி நேரம் ஆச்சு"ன்னு உள்ளபடி சொல்லுங்க. டாக்டருக்கு வேண்டியது அதுதான். அக்குளில் 99.5க்கு மேல போனா காய்ச்சல்னு எடுத்துக்கலாம்.

ஈரத்துணி: ஐஸ் தண்ணியும் குழாய்ப் பச்சைத்தண்ணியும் கூடாது. தோல் சில்லிட்டதும் ரத்தக்குழாய் சுருங்கும், குழந்தை நடுங்கும், நடுக்கமே உள்ளே இன்னும் சூட்டை உண்டாக்கும். மேலே தொட்டா குளிர்ச்சி, உள்ளே ஏறிக்கிட்டிருக்கும். நெற்றியில் மட்டும் ஒரு துண்டுத்துணி போடுறதால காய்ச்சல் இறங்காது. குழந்தைக்கு இதமா இருந்தா போடுங்க, அழுதா எடுத்துடுங்க. உடம்பு முழுக்கத் துடைக்கிறதுன்னா மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழிச்சு, கை பொறுக்குற வெதுவெதுப்பான தண்ணியில, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு 10 நிமிஷம் துடைச்சா போதும். மருந்து கொடுக்காமத் துடைச்சா இறங்கின சூடு கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும். ஸ்பிரிட், கொலோன் தொடவே கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டலாம், தலைக்கும் ஊத்தலாம். உடனே துவட்டிடுங்க.

உடம்பு கொதிக்கும்போதே கை கால் மட்டும் சில்லுன்னு இருந்தா பயப்படாதீங்க, காய்ச்சல் இன்னும் ஏறிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அப்போ ஒரு மெல்லிய போர்வை போடுங்க. முழு உடம்பும் சூடாகி முகம் சிவந்ததும் போர்வையை எடுத்துட்டு ஒரு பருத்திச் சட்டையோட விடுங்க. காதுல பஞ்சு, தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், மேல ரெண்டு போர்வைன்னு மூடினா சூடு வெளியே போக வழி இல்லை. ஃபேன் ஓடலாம், முகத்துக்கு நேரா வேண்டாம்.

ஜன்னின்னு மாமியார் சொல்றது காய்ச்சல் வலிப்பு. 6 மாசத்திலிருந்து 5 வயசு வரைக்கும், நூறு குழந்தையில் 2 முதல் 5 பேருக்கு வரலாம். 104லதான் வரும்னு இல்லை. 101லயும் வரும், சில சமயம் காய்ச்சல் இருக்குன்னு வீட்டில் தெரியுறதுக்கு முன்னாடியே வந்துடும். அதனாலதான் நேரம் தவறாம மருந்து ஊத்தினாலும் வலிப்பைத் தடுக்க முடியுறதில்லை. "நீ மருந்து கொடுக்காததாலதான் வந்துச்சு"ன்னு தாயைக் குறை சொல்றது நியாயமே இல்லை.

வந்துட்டா என்ன செய்யணும்னு வீட்டில் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். குழந்தையைத் தரையிலோ பாயிலோ பக்கவாட்டில் படுக்க வைங்க, எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். கழுத்துப் பட்டன், தாயத்துக் கயிறு இறுக்கமா இருந்தா தளர்த்துங்க. உடனே கடிகாரத்தைப் பாருங்க. அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் பத்து நிமிஷமா தோணும், டாக்டர் முதல்ல கேக்குறதும் எவ்வளவு நேரம்னுதான். வாய்க்குள்ள ஸ்பூன், விரல், துணி எதுவும் விடாதீங்க. தண்ணி, சிரப் ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போகும். கையில் சாவிக்கொத்து திணிக்கிறதால வலிப்பு நிக்காது. பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்தில் அதுவா நிக்குது, பேர் சாவிக்குப் போகுது. கை காலை அழுத்திப் பிடிச்சா எலும்பு முறியலாம். 5 நிமிஷம் தாண்டினா, நின்ன வலிப்பு திரும்ப வந்தா, முகம் நீலமாகி நிறம் திரும்பாம இருந்தா 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஏற்கனவே வந்து மூக்கில் அடிக்கிற மிடாஸோலம் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தா, சீட்டில் போட்ட எண்ணிக்கைப்படி அந்த 5ஆவது நிமிஷத்தில் அடிக்கணும். முதல் தடவை வர்ற வலிப்பு ஒரு நிமிஷத்தில் நின்னாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரியில் காட்டணும், மூளைக்காய்ச்சல் இல்லைன்னு உறுதி பண்ண.

---

குழந்தை_மருத்துவம்

மேலே இருவரும் சொன்னதோடு உடன்படுகிறேன். மூளை பாதிப்பு பற்றிய பயத்துக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உடம்புச் சூட்டை ஓர் அளவில் நிறுத்தி வைக்கிறது. கிருமி நுழைந்ததும் அந்த அளவை உடம்பே வேண்டுமென்று மேலே தள்ளிவைக்கிறது. 98.6 என்று இருந்தது 102 ஆகிறது. அந்த 102ஐ எட்டும்வரை நடுக்கம், கைகால் சில்லிடல். எட்டியதும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. கடிவாளம் மூளையின் கையில் இருப்பதால் கிருமித்தொற்றுக் காய்ச்சல் 106ஐத் தாண்டுவது அபூர்வம். 104ஆல் மட்டும் மூளை கெடுவதில்லை. மூளையைக் கெடுப்பது மூளைக்காய்ச்சல் போன்ற நோய், அங்கே 101 இருந்தாலும் ஆபத்துதான். சாதாரணக் காய்ச்சல் வலிப்பும் மூளை வளர்ச்சியையோ படிப்பையோ பாதிப்பதில்லை.

வெப்பத்தாக்கு வேறு கதை. கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் விடப்பட்ட குழந்தைக்கு மூளை வைத்த அளவு மாறவில்லை, கடிவாளமே அறுந்துபோகிறது. அங்கே பாராசிட்டமால் வேலை செய்யாது. உடனே தண்ணீர் ஊற்றி, விசிறி, குளிர்வித்தபடியே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் 104 பயத்தின் வேர் என்று நினைக்கிறேன்.

ஆகவே மருந்து, காய்ச்சல் அளவை இறக்குவதற்காக அல்ல, குழந்தையின் வேதனையைக் குறைப்பதற்காக. 102இல் சிரித்து விளையாடும் குழந்தைக்கு மருந்து கட்டாயமில்லை. 100.6இல் உடம்புவலியோடு சிணுங்கும் குழந்தைக்குக் கொடுக்கலாம். நன்றாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பவேண்டாம். மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். மருந்து வேலை தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இறங்குவதும் 2, 3 டிகிரிதான். 104 என்பது 101.5 ஆனால் மருந்து சரியாக வேலை செய்திருக்கிறது, 98.6 வரவில்லையே என்று அடுத்த வேளையை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அப்போது கண்ணைப் பார்த்துச் சிரித்தால், பால் குடித்தால், பொம்மைக்குக் கை நீட்டினால் பெரிய நோய் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. காய்ச்சல் இறங்கிய பிறகும் துவண்டு கிடந்தால் அந்த நேரத்திலேயே கிளம்புங்கள்.

காத்திருக்கக்கூடாத மற்றவை: 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 தொட்டாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனை. அந்த வயதில் ரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலும் வெளியே தெரியாது; சில குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப்போகும், அதுவும் அதே அவசரம். 3 முதல் 6 மாதம் வரை 102.2 வந்தால் அன்றே காட்டவேண்டும். எந்த வயதிலும், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாதது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, கழுத்தை மடக்க முடியாதது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பச்சை நிற வாந்தி, விடாமல் வீறிட்டு அழுவது. தோலில் சிவப்போ ஊதாவோ புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாத புள்ளி தோலுக்குள் ரத்தக்கசிவு. மாநிறத் தோலில் தெரிவது கடினம், உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்.

இருமல் இருப்பதால் மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணவேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது சிறு குழந்தையிடம் தப்பாகும், மூச்சு சீராக வராது. 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. உங்கள் பையனுக்கு 40. உயர்ந்த காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் வேகமாக்கும் என்பதால் இறங்கியபின் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்விளிம்பு உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே தேவையில்லை, கிளம்புங்கள்.

---

செல்வி_ஓசூர்

எங்க ஏரியாவில் மெஃபெனமிக் ஆசிட் சிரப் சட்டுனு இறக்கும்னு எல்லாரும் வாங்குறாங்க. ஐபுப்ரோஃபென் ஒரு வேளை, பாராசிட்டமால் ஒரு வேளைன்னு மாத்தி மாத்தியும் கொடுக்கிறாங்க. சரியா?

---

மருந்தாளுநர்_திருச்சி

சட்டென்று இறக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மெஃபெனமிக், ஐபுப்ரோஃபென் இரண்டும் வயிற்றுப் புண்ணையும் ரத்தக்கசிவையும் தூண்டும். நீர்ச்சத்து வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தை அடிக்கும். நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சலின் முதல் இரண்டு நாளில் இது டெங்குவா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்கு என்றால் இந்த இரண்டும் கூடாது. சின்னம்மையிலும் ஐபுப்ரோஃபென் வேண்டாம். மெஃபெனமிக் அளவு கூடினால் வலிப்பே வரும். 2023 நவம்பரில் இந்திய மருந்தக ஆணையம் இந்த மருந்தால் வரும் கடுமையான ஒவ்வாமை பற்றித் தனி எச்சரிக்கையும் விட்டது. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011லேயே தடை. ஆஸ்பிரின் குழந்தைக் காய்ச்சலுக்குக் கிடையவே கிடையாது. வைரஸ் காய்ச்சலில் ஈரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் ரை நோய்க்கு அது வழி செய்யும்.

மாற்றி மாற்றிக் கொடுக்கும்போது ஒன்றுக்கு 6 மணி, மற்றதற்கு 8 மணி என்று இடைவெளி குழம்பும். இரண்டும் கலந்த சிரப்பும் சந்தையில் உண்டு, அதன்மேல் தனிப் பாராசிட்டமாலும் கொடுத்துவிடுவார்கள். ஒரே மருந்து, சரியான எடைக்கணக்கில். ஐபுப்ரோஃபென் தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் அவரே எழுதுவார்.

---

கவின்_அம்மா

ரொம்ப நன்றிங்க. பாட்டிலில் எடை எழுதி ஒட்டிட்டேன். மூச்சு 32 வருது. இன்னைக்கு மூணாம் நாள் முடிஞ்சு காலையிலிருந்து 99தான். ஆனா பக்கத்துத் தெருவில் ரெண்டு பேருக்கு டெங்குன்னு சொல்றாங்க. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிம்மதியா இருக்கலாமா, ரத்தம் பார்க்கணுமா? போன மாசம் மீந்த ஆன்டிபயாட்டிக் சிரப் கொஞ்சம் இருக்கு, அதையும் கேட்டுக்கிறேன்.

---

குழந்தை_மருத்துவம்

32 நல்ல எண். ஆனால் டெங்கு உள்ள தெருவில் காய்ச்சல் விட்ட அன்றுதான் கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும். டெங்குவில் முதல் மூன்று நாள் காய்ச்சல் கொளுத்தும். 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் சூடு இறங்கும், அந்த நேரத்தில்தான் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தான கட்டம். சூடு இறங்கிய குழந்தை விளையாட வந்தால் அது குணம். சூடு இறங்கியும் சோர்ந்து படுத்தால், வயிறு வலிக்கிறது என்று அழுதால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், கை கால் சில்லென்று ஈரமாக இருந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், மலம் கறுப்பாகப் போனால் அது ரத்த ஓட்டம் குறைந்துபோகும் அதிர்ச்சிநிலையின் வாசல். "காய்ச்சல் விட்டுடுச்சு, அசதியில் தூங்குறான்" என்று விடுகிற நேரம் இதுதான்.

ரத்தம் இன்றே பாருங்கள்: சி.பி.சி.யும் (ரத்த அணுக்களின் கணக்கு) என்.எஸ்.1ம் (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை). என்.எஸ்.1 முதல் 5 நாளில் பயன்படும். இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லவே இல்லை என்றாகாது. சி.பி.சி.யில் தட்டணுவை மட்டும் பார்க்காமல் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரியையும் பாருங்கள். தட்டணு இறங்க இறங்க பி.சி.வி. ஏறினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். பழைய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் மருத்துவமனையில் இருக்கவேண்டும். இதனால்தான் ஒரு முறை பார்த்து விடாமல் மறுநாளும் பார்க்கச் சொல்கிறோம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிற வீடுகளில் அதை நம்பிச் சிறுநீரையும் ரத்தத்தையும் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது.

நல்ல செய்தியும் இருக்கலாம். இந்த வயதில் மூன்று நான்கு நாள் உயர்ந்த காய்ச்சல், அது நின்ற அன்றே நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்புத் தடிப்பு, குழந்தை உற்சாகம் என்றால் அது ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சல். மருந்தே தேவையில்லை. ஆனால் அது தெளிவாகும்வரை டெங்கு மாதிரியே கவனியுங்கள்.

காய்ச்சல் திரும்பி 5 நாளைத் தாண்டினால் சளிக் காய்ச்சல் என்ற பேச்சை விட்டுவிடவேண்டும். அப்போது தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைஃபஸ்) தேடவேண்டும். உண்ணி கடித்த இடத்தில் வரும், சிகரெட் சுட்டது போன்ற வலியில்லாத கருப்புப் பொருக்கு, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், விதைப்பை மடிப்பு என்று ஒளிந்திருக்கும். துணியை முழுக்கக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். அஸித்ரோமைசினுக்கோ டாக்ஸிசைக்ளினுக்கோ ஓரிரு நாளில் அடங்கும் நோய், தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் பிடிக்கும். கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு சிவந்து, கை கால் வீங்கியிருந்தால் கவாசாகி என்ற ரத்தக்குழாய் அழற்சி நோய். 10 நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் இதயத் தமனிகளைக் காப்பாற்றலாம். 2 வயதுக்குள் சளியோ இருமலோ இல்லாமல் வெறும் காய்ச்சல் மட்டும் என்றால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்கவேண்டும்.

மீந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டிவிடுங்கள். தூளில் தண்ணீர் கலந்த சிரப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் வீரியம் இழக்கும். வைரஸுக்கு அது வேலையும் செய்யாது. இரண்டு வேளை கொடுத்துவிட்டால், பிறகு எடுக்கும் சிறுநீர்க் கல்ச்சரிலும் ரத்தக் கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். டைஃபாய்டா, சிறுநீர்த் தொற்றா என்று தெரியாமலேயே வைத்தியம் பார்க்கவேண்டி வரும்.

---

கவின்_அம்மா

சாயங்காலம் ரத்தம் கொடுக்கப் போறோம். கடைசியா ஒண்ணு: நீர்ச்சத்து வற்றாம இருக்க ஓ.ஆர்.எஸ். எப்படிக் கரைக்கிறது? கடையில் ஆரஞ்சு வாசனையோட டெட்ரா பேக்கும் இருந்துச்சு.

---

வார்டு_சிஸ்டர்

டெட்ரா பேக் வேண்டாம். அதில் பலது சர்க்கரை அதிகமான பானம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் செய்யாத எதுக்கும் ஓ.ஆர்.எஸ். பேர் போடக்கூடாதுன்னு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்துடுச்சு. தூள் பாக்கெட்டா வாங்குங்க, பின்பக்கம் எத்தனை மி.லி. தண்ணின்னு படிங்க. பெரிய பாக்கெட், கிட்டத்தட்ட 20 கிராம், முழுசா 1 லிட்டரில். சின்ன பாக்கெட், 4 கிராம் சொச்சம், 200 மி.லி.யில். பெரிய பாக்கெட்டைப் பாதி கொட்டிப் பாதி வெச்சுக்காதீங்க, உப்பு ஒரு பக்கம் தங்கிடும். கொதிச்சு ஆறின தண்ணி. பால், ஜூஸ், குளுக்கோஸ் எதுவும் சேர்க்காதீங்க. கரைச்சதை 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது.

டம்ளரோட நீட்டினா ஒரே மடக்கா குடிச்சுட்டு வாந்தி எடுப்பான். அதே சிரிஞ்சில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை 5 மி.லி. நடுவுல தாய்ப்பால், கஞ்சித் தண்ணி, இளநீர் எதையும் நிறுத்தாதீங்க. ரத்தம் கொடுக்கப் போகும்போது காலண்டரில் குறிச்ச மருந்து நேரத்தையும், கடைசியா சிறுநீர் போன நேரத்தையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க.